படிவம் இருபது

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்,
மேல்மாடி ரெக்கார்டு ரூம்.
நாளொன்றுக்கு நானூற்றைம்பது ரூபாய் எனக்கு.
பாராளுமன்றத்துக்கு நின்று தோற்றவர்களைக்
கணினியில் ஏற்றுகிற வேலை.

ஜெயித்தவர்கள் போன மாதமே முடிந்துவிட்டார்கள்.
அது ஒரு பக்கம்தான்.

பெயர், கட்சி, சின்னம், வாக்கு, சதவீதம்,
டெபாசிட் உண்டா இல்லையா.
ஆளுக்கு ஆறு கட்டம்.
முதல் வாரம் சிரிப்பாக வந்தது:
மார்த்தாண்டத்து டியூட்டோரியல்காரர்,
குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட் வியாபாரி,
பெரிய வேட்பாளரின் பெயர் தனக்கும் இருந்ததால்
யாரோ கூட்டிவந்து நிறுத்திய கொத்தனார்.
அவருக்கு நாலாயிரம் ஓட்டு.
பெயருக்கு விழுந்தது.

இரண்டாம் வாரம் வியாகுலதாசன் வந்தார்.
சே. வியாகுலதாசன், கடியபட்டணம், சுயேச்சை.
ஐநூறு ரூபாய் கட்டி ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு.
பத்தாயிரம் கட்டி எண்ணூற்று ஆறு.
இருபத்தையாயிரம் கட்டி முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று.
கட்டியது ஏற ஏற
விழுந்தது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.
மூன்று தடவையும் வள்ளம் சின்னம் கேட்டு மனு.
கிடைத்தது ஏணி, மெழுகுவர்த்தி,
கடைசியாக அலமாரி.

கடைசித் தடவை பிரமாணப் பத்திரம் உண்டு.
கையிருப்பு இரண்டாயிரத்து முன்னூறு.
மனைவி பேரில் தங்கம் பன்னிரண்டு கிராம்.
அசையும் சொத்து, ஒரு வள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு.
அசையாச் சொத்து, வீடும் இரண்டு சென்ட் மனையும்.
ஓரத்தில் அதே மையில்,
‘ஒன்றரைதான் இப்போ, கடல் எடுத்தது போக.’
நோட்டரி அதற்கும் சேர்த்தே
முத்திரை குத்தியிருக்கிறார்.

படிவம் இருபதில் பூத் வாரியாக இருக்கும்.
எனக்கு மொத்தம் மட்டும் போதும்.
ஆனாலும் விரல் போய் நின்றது:
கடியபட்டணம், நடுநிலைப் பள்ளி,
தெற்குப் பார்த்த ஓட்டுக் கட்டிடம்.
அவர் வாக்கு இருக்கிற பூத்.
நோட்டாவுக்கு நாலு.
அவருக்குப் பூஜ்யம்.

ஸ்கேல் வைத்து மறுபடி பார்த்தேன்.
பக்கத்து வரியிலிருந்து வழுக்கி வந்த பூஜ்யம் இல்லை.
தனக்கே போடாத மனுஷன்.
பெண்டாட்டியும் போடவில்லை.
வேறு சின்னத்தில் குத்தினாரா,
முந்தின ராத்திரி யாரும் வந்து பேசிவிட்டுப் போனார்களா,
எனக்குத் தெரிந்த அரசியலையெல்லாம்
அந்தப் பூஜ்யத்துக்குள் போட்டுப் பார்த்தேன்.
எல்லாமே கொண்டது.

செலவுக் கணக்கு நோட்டு வேறொரு கட்டில் இருந்தது.
நோட்டீஸ் ஆயிரம், ரூபாய் அறுநூற்றைம்பது.
மைக்செட் ஒரு நாள்.
சாயா. சாயா. சாயா, பழம்பொரி.
தேர்தல் நாள், காலை ஆறு நாற்பது:
ஆட்டோ, கடியபட்டணம் டு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, முன்னூற்றைம்பது.
திரும்பி வந்ததற்கு ஒரு வரி இல்லை.

செலவுப் பார்வையாளர் சிவப்பு மையில் அடித்து
பக்கத்தில் எழுதியிருக்கிறார்:
‘தேர்தல் செலவு அல்ல.’

யாரைக் கொண்டுபோனார் என்று இல்லை.
வாக்காளர்கள் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தால்
அன்றைக்கு வந்தாரா என்றாவது தெரியும்.
அதை விதிப்படி எப்போதோ அழித்துவிட்டார்கள்.
கணக்கு ஒப்படைக்கக் கெடு முப்பது நாள்.
இருபத்தொன்பதாவது நாளில்
கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.
கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது.

சதவீதம் போட்டேன். 0.04.
கட்டம் ஒரு தசமம்தான் எடுக்கும்.
0.0 என்று காட்டியது.

‘என்னட்டி, சுயேச்சையெல்லாம் தீந்தாச்சா?’
செல்லபுஷ்பம் மேடம் கதவருகே, கையில் குடை,
ஒரு விரல் லைட் சுவிட்சில்.
நாலே முக்கால் பஸ்.

தீரல்ல மேடம் என்றேன்.
ஒருத்தரு கிடக்காரு.